கத்திரி வெயிலில் நீச்சல் குளம்: நாற்பதுக்கு மேல் நீந்த வருபவர்களுக்கு

மார்ச் மாதம் முடியும்வரை காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் நீச்சல் குளத்து வாசலில் ஐந்தாறு பேர்தான் நிற்போம். எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும், எல்லோர் கையிலும் ஒரே மாதிரி நைந்த பை இருக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் அதே இடத்தில் நாற்பது ஸ்கூட்டர் நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டாச்சு, கோடை முகாம் தொடங்கியாச்சு. பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட அப்பாக்களில் தினமும் ஒருவராவது என்னிடம் வந்து கேட்பார்: "சார், எங்க வயசுக்காரங்களுக்கும் பேட்ச் இருக்கா?" இருக்கிறது. அவரிடம் வாசலில் நின்று சொல்ல நேரம் இல்லாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான நீச்சலை 'மாஸ்டர்ஸ் நீச்சல்' என்பார்கள், அந்தப் பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். நீச்சலில் கரை கண்டவர் என்று அதற்குப் பொருள் கிடையாது. உலக நீச்சல் அமைப்பின் கணக்கில் 25 வயது தாண்டிய எவரும் மாஸ்டர்ஸ்தான். வயதாகிவிட்டது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. 1970 மே மாதம் அமெரிக்காவின் அமரில்லோ நகரில் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தபோது வந்தவர்கள் வெறும் 46 பேர். அதற்கு வித்திட்டவர்களில் ஒருவரான ரான்சம் ஆர்தர் கடற்படை மருத்துவர். பெரியவர்கள் உடம்பைக் கவனிக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். நம்மில் பெரும்பாலோர் போட்டிக்கே போக மாட்டோம். வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டர். அவ்வளவுதான் வாழ்க்கை.

சென்னையில் கோடை, நீச்சலைத் தொடங்க நல்ல காலம். ஆனால் நீந்தி முன்னேற மோசமான காலம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மே மாத நடுவில் காணாமல் போகிறார்கள்.

முதலில் டாக்டர், பிறகு குளம்

பல குளங்களில் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். தெரிந்த டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஒட்டிவிட்டுப் போகும் வேலை வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர் என்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு இசிஜி பார்த்துவிடுங்கள். காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை என்று பழைய கதை எதாவது இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்காமல் தலையைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், அதிலும் சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை என்றால், கோடையில் தினமும் நீந்தப் போவதாக டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

குளத்தை நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சென்னையில் கடற்கரையை ஒட்டி மாநகராட்சியின் மெரினா குளம் இருக்கிறது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி வளாகம் இருக்கிறது. இதைத் தவிர கிளப்புகள், பள்ளிகள், அடுக்ககக் குளங்கள். அடுக்ககக் குளம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள் முடிந்துவிடும். பழகலாம், ஆனால் நாலு கை போட்டதும் சுவர் வந்துவிடுவதால் மூச்சு பழகாது. 25 மீட்டராவது இருக்கட்டும்.

போனதும் ஆழமான டீப் பக்கம் நின்று கீழே பாருங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடியின் கம்பிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் திரும்பி நடங்கள். தண்ணீர் சுத்தமா என்பது பாதிக் கேள்விதான். கலங்கிய தண்ணீரில் ஒருவர் மூழ்கினால் மேலே நிற்கும் லைஃப் கார்டுக்குத் தெரியாது என்பது மீதி. எட்டு வருஷத்துக்கு முன்பு வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குளத்தில் மூன்று மாதப் பணம் கட்டினேன். இரண்டாவது வாரமே தண்ணீர் நுங்குத் தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. கேட்டால், "நேத்துதான் சார் மருந்து போட்டோம்" என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை, கண் வலி மட்டும் வந்தது.

இன்னொன்று, மூக்கில் ஏறும் அந்தக் குளோரின் வாடை. அது பலமாக இருந்தால் மருந்து அதிகம் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. வாடை தூக்கலாக இருக்கும் குளத்தில் ஆட்கள் ஷவரில் நிற்காமல் இறங்குகிறார்கள் என்று அர்த்தம். நீங்களாவது நின்றுவிட்டு இறங்குங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

காஸ்ட்யூம் நைலானோ பாலியஸ்டரோ இருக்கட்டும். பருத்தி டிரவுசரோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். நூல் பிரிந்து ஃபில்டரில் போய் அடைக்கும் என்பதால். ஆண்களுக்கு முட்டிக்கு மேல் நிற்கும் இறுக்கமான ஜாமர் வசதி. பெண்களுக்கு முழுக் கால், முழுக் கை வைத்த நீச்சல் உடை இப்போது எல்லா விளையாட்டுப் பொருள் கடையிலும் கிடைக்கிறது. தொளதொள சுடிதாரோடு மட்டும் இறங்க வேண்டாம். நனைந்தால் கால் எழும்பாது.

கேப் சிலிகான் வாங்குங்கள். ரப்பர் கேப் முடியைப் பிடுங்கும். காகிள்ஸில் கஞ்சம் வேண்டாம். வாங்கும்போது வாரை மாட்டாமல் கண்ணில் அழுத்திப் பாருங்கள், இரண்டு நொடி ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கான காகிள்ஸ். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த காகிள்ஸே வருகிறது. கான்டாக்ட் லென்ஸோடு குளத்தில் இறங்கவே கூடாது, கருவிழியில் கிருமித் தொற்று வந்தால் பார்வைக்கே ஆபத்து. காகிள்ஸின் உட்பக்கத்தைத் துண்டால் துடைத்தால் பனி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். லேசாக எச்சில் தொட்டு அலசுங்கள், அருவருப்பாக இருந்தாலும் அதுதான் வேலை செய்கிறது.

அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். குளத்துக்குள்தானே இருக்கப் போகிறோம், எதற்குத் தண்ணீர் என்று கேட்பவர்கள் கீழே சூட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதியிருப்பதைத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்த பேட்ச்

காலை ஆறு மணி. அல்லது அதற்கு முன்னால் எதாவது இருந்தால் அது.

சாயங்கால பேட்ச் கேட்க நன்றாக இருக்கும். ஆபீஸ் முடிந்து, வெயில் தாழ்ந்து, ஜில்லென்று ஒரு முங்கு. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நடப்பது வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த தண்ணீர் ஜில்லென்று இருக்காது. வெயிலில் குளோரினும் சிதைந்துபோகும். நிலைப்படுத்தும் மருந்து சேர்க்காத திறந்தவெளிக் குளத்தில் நடுப்பகல் வெயில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். அதே தண்ணீரில்தான் காலையிலிருந்து முகாம் பிள்ளைகள் கும்மாளம் போட்டிருப்பார்கள். இரவில் ஃபில்டர் ஓடி, மருந்து போட்டு, கொஞ்சம் ஆறிய தண்ணீர் விடியற்காலையில்தான் கிடைக்கும். அதை முதலில் தொடுபவராக இருங்கள்.

இதில் பெண்களுக்கு ஓர் அநியாயம் நடக்கிறது. பல குளங்களில் பெண்களுக்கான தனி பேட்சை வெயில் ஏறிய பிறகு ஒன்பது, பத்து மணிக்கு வைக்கிறார்கள். ஏப்ரலில் சென்னையின் பத்து மணி வெயில் எப்படி என்று நேரம் ஒதுக்கியவர்களுக்குத் தெரியாதா? காலை பொது பேட்சில் பெண்களுக்கு ஒரு லேன் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் கிடைக்கிறது, எங்கள் குளத்தில் அப்படித்தான் கிடைத்தது. முடியாவிட்டால் முழுக்கை உடை, தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன். அதைப் பூசி இருபது நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும். பூசிய கையோடு குதித்தால் குளத்துக்குத்தான் சன்ஸ்கிரீன்.

முதல் பதினைந்து நாள்: கிணற்றை மறப்பது

என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியும். ஊர்க் கிணற்றில் கற்றது. முதுகில் சுரைக்குடுவையோ லாரி டியூபோ கட்டி, மாமா மேலே இருந்து தள்ளிவிட்டு, நாலு மடக்குத் தண்ணீர் குடித்துக் கற்ற நீச்சல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆழத்தைக் கண்டு பயம் இல்லாமல் இருப்பது பெரிய சொத்து. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலே இருக்கும். இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மேலே இருந்து எவன் தலையில் குதிப்பான் என்று தெரியாது. பத்தடி போனால் படிக்கட்டு, அங்கே போய் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

குளத்தில் அதே நீச்சலை அடித்தால் இருபத்தைந்தாவது மீட்டரில் நாக்குத் தள்ளும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சரிவாக நின்று தண்ணீரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும். முதல் நாள் எனக்கும் அதுதான் நடந்தது. பக்கத்து லேனில் இருந்த எட்டு வயதுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். நல்ல கேள்வி. பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

பதில் இதுதான்: நாம் மூச்சை விடுவதில்லை. தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறோம். இரண்டும் முடியாது. ஆகவே முதல் மூன்று நாள் எங்கும் போக வேண்டாம். ஆழம் குறைந்த ஷாலோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, மூக்கு வழியாக நிதானமாகக் குமிழி விடுங்கள். முழுவதும் விட்டபின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுங்கள். மேலே தூக்கக் கூடாது. ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். முப்பது தடவை, ஓய்வு, மறுபடி முப்பது. பக்கத்தில் குழந்தைகளும் அதையே செய்துகொண்டிருப்பார்கள். கூச்சப்பட்டால் கற்க முடியாது.

நான்காவது நாள் கிக் போர்டு, அதாவது மிதக்கும் பலகை. ஒரு கையால் பலகையைப் பிடித்து மறு கையை மட்டும் போட்டு மூச்சைப் பக்கவாட்டில் எடுத்துப் பழகுங்கள். காலைப் படபடவென்று அடிக்க வேண்டாம். கால் தசைகள் பெரியவை, மூச்சைக் குடித்துவிடும். குதிகால் தண்ணீரை லேசாகக் கிளப்பினால் போதும். வாரக் கடைசியில் பலகை இல்லாமல் 25 மீட்டர். முப்பது நொடி ஓய்வு. எட்டு தடவை செய்தால் 200 மீட்டர். அன்றைக்கு அது போதும், வீட்டுக்குப் போங்கள்.

இரண்டாவது வாரம் 50 மீட்டராகக் கூட்டலாம். இங்கேதான் ஒரு சபலம் வரும். சுவரில் நிற்காமல் எத்தனை ரவுண்டு போக முடியும் என்று பார்க்கலாமே என்று. பார்க்காதீர்கள். களைத்தபின் அடிக்கும் ரவுண்டில் உடம்பு பழைய கிணற்று நீச்சலுக்குத் திரும்பிவிடும். அதையே பழக்கிக்கொண்டதாக ஆகும். நேரத்தை எண்ணாமல் கையை எண்ணுங்கள். 50 மீட்டர் கடக்க எத்தனை கை போடுகிறீர்கள்? எனக்கு முதல் கோடையில் 58, இப்போது 46. வேகம் பெரிதாகக் கூடவில்லை, களைப்பு பாதியாகிவிட்டது.

தோள்பட்டையையும் இந்த வாரத்திலேயே கவனியுங்கள். கட்டை விரல் முதலில் போகிற மாதிரி கையைத் தண்ணீரில் செருகினாலும், கை தலைக்கு நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போனாலும் ஆறு மாதத்தில் தோள் பிடித்துக்கொள்ளும். கை தோளுக்கு நேராக இறங்கட்டும்.

ஒரு மாதம் ஆனபின் மே மாதக் காலையில் நான் செய்வதைச் செய்து பார்க்கலாம். மெதுவாக 200 மீட்டர். ஒரு கை சுற்றி வந்து முன்னால் நீட்டிய கையைத் தொட்ட பிறகே அடுத்த கை என்ற பயிற்சியில் 50 மீட்டர் நான்கு தடவை. பிறகு 50 மீட்டர் எட்டு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 முதல் 30 நொடி. கடைசியில் மல்லாந்து 100. மொத்தம் 900 மீட்டர், நாற்பது நிமிடத்துக்குள் முடியும். இதே நான் டிசம்பரில் இரண்டாயிரம் நீந்துவேன். மே மாதத்தில் மாட்டேன்.

சூட்டுத் தண்ணீர்

ஏன் மாட்டேன் என்றால், ஒரு மே மாதச் சாயங்காலம் நீந்திவிட்டுக் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறேன். புதிதாக வந்த இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறென்ன காரணம் வேண்டும், 1500 மீட்டர் நிற்காமல் அடித்தேன். இறங்கும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக, சுகமாகத்தான் இருந்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் தலை வலித்தது. ஏறி வந்தபோது அந்தச் சூட்டிலும் உடம்பில் மயிர்க்கூச்செறிந்தது. கோச் தம்பி நிழலில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, அவர் கொண்டுவந்திருந்த உப்பு மோரைக் கொடுத்தார். "அண்ணா, இது குளம் இல்ல, இப்ப ரசம்" என்றார்.

மறுநாள் ஒரு வெப்பமானி வாங்கிக் கட்டி இறக்கிப் பார்த்தேன். காலை ஆறுக்கு 29 டிகிரி. சாயங்காலம் ஆறுக்கு 32க்கு மேல். உலகப் போட்டிகள் நடக்கும் குளங்களில் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. திறந்த கடல், ஏரிப் போட்டிகளுக்கு 31 டிகிரிக்கு மேல் அனுமதி இல்லை. அந்த மேல் வரம்பு சும்மா வந்ததில்லை. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில், சூடான கடலில் நடந்த பத்து கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். வயது 26. அதற்குப் பிறகு வந்த விதி அது.

தரையில் ஓடினால் வியர்வை காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். தண்ணீருக்குள் வியர்க்கும், ஆனால் அந்த வியர்வை காய இடமில்லை. சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியது தண்ணீர்தான். அதுவே கிட்டத்தட்டத் தோலின் சூட்டில் இருந்தால் உள்ளே உண்டாகும் வெப்பம் எங்கே போகும்? இதோடு இன்னொன்றும் சேரும். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் கால்களில் உள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. உடம்பில் நீர் அதிகம் இருக்கிறது என்று ஏமாந்து சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்கும். குளத்தில் இறங்கியதும் ஒன்றுக்கு முட்டுவது இதனால்தான். (அதற்காக அங்கேயே விட்டுவிடாதீர்கள், கழிவறை இருக்கிறது.) இப்படி இரண்டு வழியில் நீர் போகிறது, தாகமோ தெரிவதில்லை. ஒரு நாள் இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் எடை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 700 கிராம் குறைவு.

ஆகவே கோடை விதிகள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் குளத்தின் விளிம்பில் வைத்து, பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு. வேகமாக நீந்தும் பகுதியைப் பாதியாக்கி, ஓய்வை இரட்டிப்பாக்குங்கள். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி மாதக் கடைசிவரை போகும், அந்த மூன்றரை வாரமும் கை, மூச்சு, மிதப்பு என்று நுணுக்கத்தை மட்டும் பழகுங்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், வெயிலில் சிலிர்ப்பு, இதில் எது வந்தாலும் அந்த ரவுண்டை முடிக்கக்கூட வேண்டாம், பக்கச் சுவரைப் பிடித்து ஏறிவிடுங்கள். தனியாக ஒரு நாளும் நீந்த வேண்டாம்.

முகாம் பிள்ளைகள்

கோடை முகாம் பெரும்பாலும் பன்னிரண்டு நாள் கணக்கில் ஓடும். புது பேட்சின் முதல் மூன்று நாள் குளம் சந்தைக்கடை. லேன் கயிற்றில் தொங்குவார்கள், குறுக்கே குதிப்பார்கள், ஒருவன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அப்பா என்று கூப்பிடுவான். கத்தாதீர்கள். அந்த மூன்று நாளை ஓய்வு நாளாகக் கணக்குப் போட்டுவிட்டால் ரத்தக் கொதிப்பு மிச்சம். கோச்சிடம் கேட்டு, டீப் பக்கம் சுவரோரம் ஒரு லேன் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நாலைந்து பேர் இருந்தால் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்ப வேண்டும். எந்தப் பக்கம் என்று இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முந்த வேண்டுமென்றால் முன்னால் போகிறவரின் பாதத்தை ஒருமுறை லேசாகத் தொடுவது வழக்கம். அவர் சுவரில் ஒதுங்கி வழி விடுவார். தொட்டதற்குக் கோபப்பட்டுத் திரும்பிப் பார்ப்பவர் புதிது என்று புரிந்துகொள்ளலாம்.

சாப்பாடு, காது, முடி

காலை போகும் முன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். காபி குடித்தே ஆக வேண்டும் என்றால் அரை டம்ளர். வந்தபின் பசி ராட்சசப் பசியாக இருக்கும். நீந்திவிட்டு வந்து ஆறு பூரி சாப்பிட்டு எடை கூடியவர்கள் எங்கள் குழுவிலேயே மூவர், அதில் நானும் உண்டு. உப்புப் போட்ட மோரையோ நீராகாரத்தையோ முதலில் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இட்லிக்கு உட்காருங்கள். பழைய சோறும் சின்ன வெங்காயமும் கிடைக்கும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். மோருக்கு முன்னால் விளையாட்டு பானப் பாட்டிலுக்கெல்லாம் நான் காசு கொடுக்க மாட்டேன்.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதியுங்கள், சின்ன வயதில் செய்த அதேதான். துண்டு நுனியால் வெளிக் காதைத் துடைத்தால் போதும். பட்ஸ் விடாதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் ஈரம் நின்ற காதில் காளான் தொற்று சுலபமாக வரும், அரிப்புத்தான் முதல் அறிகுறி. முடிக்கு ஒரு சின்ன வழி: ஷவரில் நல்ல தண்ணீரால் முழுதும் நனைத்துவிட்டு நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக் கேப் போடுங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். எண்ணெய் வழிய வழிய வந்தால் குளத்துக்காரர் திட்டுவார், நியாயம்தான். காஸ்ட்யூமைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். வாஷிங் மெஷினும் வெயிலும் அதன் இழுவையைக் கொன்றுவிடும்.

கடல் ஆசை

இரண்டாவது மாதத்தில் யாராவது ஒருவர், "கோவளம் பக்கம் கடல்ல நீந்தலாம் வர்றீங்களா?" என்பார். தமிழருக்கு இந்த ஆசை புதிதில்லை. யாழ்ப்பாணத்து நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்தி வந்தார். வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் 1971இல் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் கடந்தார். குற்றாலீஸ்வரன் 1994இல், பள்ளிக்கூடப் பையனாக, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். நமக்கு அந்த வயதும் இல்லை, பின்னால் படகும் வருவதில்லை.

குளத்தில் நிற்காமல் 1500 மீட்டர் நிதானமாக நீந்த முடிகிறவரை கடலை விட்டுவிடுங்கள். மெரினாவை எப்போதும் விட்டுவிடுங்கள். சட்டென்று ஆழம் இறங்கும் கரை, உள்ளே இழுக்கும் நீரோட்டம், அங்கே குளிக்கவே தடை. அனுபவம் உள்ள குழுவோடு வேறு இடத்துக்குப் போனாலும் அந்தக் குப்பத்து மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கோடையில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். அது பலமாக இருக்கும் நாளில் இறங்கிய இடம் ஒன்று, கரையேறும் இடம் இன்னொன்றாக இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள்தான் போகாது, சின்ன ஃபைபர் படகுகள் விடியலில் போகும். பளிச்சென்ற நிறத்தில் கேப்பும், பின்னால் இழுத்துப் போகும் மிதவையும் அதற்காக. நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்துப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். சொறி மீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் மணலால் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டும். கடல் நீரிலேயே அலசிவிட்டு, ஒட்டியிருக்கும் நூல்களை எடுங்கள். மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிதான்.

போட்டி என்று ஒன்று உண்டு

ஆசை இருந்தால் மட்டும். இந்திய நீச்சல் சம்மேளனம் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடத்துகிறது, 2023இல் மங்களூரில் நடந்தது. ஐந்து ஐந்து வயதாகப் பிரிப்பார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. நாற்பத்தொன்பதிலிருந்து ஐம்பதாகிறவர்கள் சந்தோஷப்படும் ஒரே இடம் இதுதான், புதிய பிரிவில் இளையவராகிவிடுவோம். விதிகளும் வயதுக்கு இரக்கம் காட்டுகின்றன. மேடையிலிருந்து டைவ் அடிக்காமல் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடியே தொடங்கலாம். இரண்டு கையையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃப்ளை நீச்சலில் தவளை மாதிரி கால் அடிக்கலாம். ஜப்பானில் மியெகோ நகாவோகா என்ற அம்மா முட்டி வலிக்காக எண்பது வயதுக்கு மேல் குளத்தில் இறங்கியவர். 2015இல், நூறு வயதில், 1500 மீட்டரை முழுதும் மல்லாந்து நீந்தி முடித்தார். ஒரு மணி 15 நிமிடம் 54 நொடி. இதை எங்கள் லேனில் சொன்னபோது அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர், "அப்ப எனக்கு இன்னும் முப்பத்திரண்டு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போய்விட்டார்.

கடைசியாக ஒரு வேலை. மே கடைசி வாரத்தில், முகாம் கூட்டம் இன்னும் இருக்கும்போதே, ஜூன் மாதப் பாஸைப் போட்டுவிடுங்கள். கூட வந்தவர்களில் பலர் போட மாட்டார்கள், அதைப் பார்த்து நீங்களும் தள்ளிப்போடாதீர்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் காலை வந்து பாருங்கள். வாசலில் ஆறு ஸ்கூட்டர். லேன் கயிறுகள் நேராக நிற்கும். ஷாலோ ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன குட்டி காகிள்ஸ் ஒன்று கிடக்கும். நாலாவது லேன் காலியாக இருந்தால் அது உங்களுடையது, மூன்றாவதில் நான் இருப்பேன்.